சிவநேசன் அண்ணையின் எட்டு வருஷ ரிசர்வ்

படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலில் பேனா மையைவிடப் பொறுமைதான் சீக்கிரம் தீரும். பாரிஸின் லா சப்பலில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் பின்பக்கம் என் மேசை இருக்கிறது. 'ஒரு பேப்பர் குறையுது' என்று எந்தக் கவுண்டரிலாவது திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நீங்களும் அதில் ஒருவர்தான் என்று நம்பி எழுதுகிறேன்.

எட்டு வருஷம் எத்தனை நாள்?

புறநகர் சார்செலில் இருக்கும் சிவநேசன் அண்ணை பிரெஞ்சுப் படையில் சிப்பாய். முதல் எட்டு வருடம் ரிசர்வ்: வார நாட்களில் உணவகக் குசினியில் சமையல், சனி ஞாயிறில் சீருடை. பிறகுதான் முழுநேரப் படை. இந்த வருடத்தோடு ரத்ரெத், அதாவது ஓய்வு, எடுத்து வீட்டோடு இருக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக என்னிடம் வந்தார். ஓய்வூதியத்துக்கு வேண்டிய சேவையில் ஆறு மாதம் குறைந்தது. ரிசர்வில் இருந்த எட்டு வருடத்தையும் அப்படியே கூட்டச் சொன்னார்.

ஒப்பந்தம் எத்தனை வருடமானாலும், உண்மையில் சீருடை போட்டு நின்ற நாட்கள்தான் கணக்கு என்று விளக்கினேன். நூற்றெண்பது நாள் தேறாவிட்டால் இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டும், அதுவும் கடல் கடந்த முகாமில். கூட வந்திருந்த அவர் மனைவி பவானி அக்கா கேட்டார்: "எட்டு வருஷமும் தீபாவளிக்கு நான் தனியத்தான் சமைச்சனான். அதை எந்தப் பெட்டிக்குள்ளை எழுதுவியள், தம்பி?"

பொட்டு வைத்த சான்றிதழ்கள்

ரிசர்வுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எல்லாம் பத்திரமாக இருந்தன, சாமி அறையில். புதுச் சாவியோ புதுக் கடவுச்சீட்டோ, எது வந்தாலும் நம்மவர்களுக்கு முதலில் பொட்டு வைத்தாக வேண்டும். அக்கா ஒவ்வொரு தாளிலும் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் இட்டிருந்தார். அவ்வளவு பெரிய தாளில் வேறு இடமே இல்லாததுபோல, எல்லாம் நாட்களின் எண்ணிக்கை எழுதிய கட்டத்தின் மேல்! சுரண்டிப் பார்த்தேன். பொட்டோடு எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது.

இருந்ததை அப்படியே அனுப்பிவைத்தேன். எண்களை வாசிக்க முடியவில்லை என்று இரண்டு வரி எழுதி, ஓய்வூதிய அலுவலகம் முழு டோசியேயையும், அதாவது கோப்பையும், திருப்பி அனுப்பியது. அண்ணை முகத்தில் அன்றுதான் பயத்தைப் பார்த்தேன். எனக்கும் பாவமாக இருந்தது. அக்கா கொப்பி எடுக்கப் போன நேரம் பார்த்து அண்ணை கிசுகிசுத்தார்: "பொட்டு வச்சது பிழையெண்டு மட்டும் சொல்லிப் போடாதையுங்கோ. அவவுக்கு ஏற்கனவே கோபம்."

குசினிக் காலண்டர்

முகாமிடம் பிரதி கேட்கலாம், ஆனால் தேதிகள் வேண்டும். நாட்டைக் காத்த அண்ணைக்கு ஒரு தேதியும் நினைவில்லை. அடுத்த நாள் அக்கா எட்டுக் காலண்டரோடு வந்தார், எல்லாம் பலசரக்குக் கடைகள் இலவசமாகக் கொடுத்தவை. கணவர் முகாமுக்குப் போன ஒவ்வொரு நாளிலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு கிழித்திருந்தார். மொத்தம் இருநூறு கோடுகள். இவ்வளவு ஒழுங்கான ஆவணத்தை எந்த அரசாங்கமும் எனக்குக் காட்டியதில்லை. பாராட்டினேன். "சண்டை வரேக்கை சாட்சி வேணுமெல்லோ, தம்பி" என்றார்.

பன்னிரண்டு நாள்

முகாமிலிருந்து புதுச் சான்றிதழ்கள் வந்தன: நூற்றெண்பத்தெட்டு நாள். அலுவலகம் ஏற்றுக்கொண்டது, ரத்ரெத் உறுதியானது. அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அக்கா மட்டும் சான்றிதழ்களைத் தன் பக்கம் இழுத்து, காலண்டரோடு ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தார்.

முகாமுக்கென்று சொல்லிவிட்டுப் போன பன்னிரண்டு நாட்களை முகாமுக்கே தெரியவில்லை. அண்ணை திடீரென்று போட்டோக்கொப்பி மெஷினை ஆராயத் தொடங்கினார். கடைசியில், "பியர்ஃபித் மைதானத்திலை கிரிக்கெட்..." என்று முனகினார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை: "பரவாயில்லை, இனி வீட்டிலைதானே இருக்கப் போறியள். ஒவ்வொரு நாளாக் கதைப்பம்."

சேவை நாட்களைப் படை ஒருதரம் எண்ணி முடித்துவிடும், வீட்டில் எண்ணுகிறவர்களுக்குத்தான் ரத்ரெத்தே கிடையாது.