பையில் இருந்த கண்ணாடி

பெங்களூரில் அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, அவர் என்னை யாரென்று கேட்டார். கைகள் படுக்கையை ஓயாமல் துழாவின. சலைன் குழாயை இரண்டு முறை இழுத்துவிட்டார். கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட நர்ஸ் துணியோடு வந்தபோது நானும் தலையாட்டிவிட்டேன்.

வார்டு ஆயாதான் குறுக்கே வந்தார். ஐம்பது வயதிருக்கும், நீலச் சேலையை இழுத்துச் செருகியிருந்தார். எந்தப் படுக்கைக்குப் போனாலும் திரையை விலக்கி, கிழமையையும் நேரத்தையும் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்.

"ஒந்து நிமிஷ, சிஸ்டர்," என்று கன்னடத்தில் நர்ஸை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார். "இவுரு கண்ணாடி எங்கண்ணா? காது மெஷினு?"

"தொலஞ்சிடும்னு என் பையில பத்திரமா வெச்சிருக்கேன்."

"நீங்க பையில வெச்சுக்கினா அவுரு எதால பாப்பாரு, எதால கேப்பாரு?"

எடுத்துக் கொடுத்தேன். காது மெஷினைப் பொருத்தினார். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டார்.

"இன்னிக்கு வியாழக்கெழம, பெரியவரே. காலைல பத்து மணி. ஆஸ்பத்திரில இருக்கீங்க, ஆபரேஷன் ஆயிடுச்சு. இது உங்க புள்ள."

நர்ஸ் துணியை மடிக்காமல் நின்றார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னை, வெகுநேரம்.

"இதைத்தான்டா நேத்துலேர்ந்து தேடிட்டிருக்கேன்," என்றார், கண்ணாடியைத் தொட்டபடி.

ஆயாவைத் தேடினேன். அவர் அதற்குள் அடுத்த படுக்கைத் திரையை விலக்கிக் கிழமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண் மட்டும் அந்த நோயாளி அருகே நின்ற அவர் மகளின் கைப்பை மேல் இருந்தது.