எகியோன் வீட்டு ஈட்டி மச்சம்

தமத்ரியாவுக்கு வாய் நீளம் என்று தீப்ஸ் நகரமே சொல்லும். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவள் அவள்தான் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். எலெக்ட்ரா கோட்டை வாசலுக்கு வெளியே, தோல் பதனிடுகிறவர்கள் தெருவில் அவள் வீடு. புருஷன் தொழிலின் நாற்றத்தை முப்பது வருடம் சகித்தவளுக்குப் பெரிய வீட்டு ஆண்களின் வாசனைத் தைலம் ஒரு பொருட்டே இல்லை. பிரசவ அறையில் பயந்து நடுங்கும் பெண்ணிடம் கண்ணே மணியே என்பாள். கதவுக்கு வெளியே நின்று "பையனா, பையனா?" என்று கேட்கும் மாமனாரிடம், "உங்க அம்மாவும் இப்படித்தான் கத்தினா, அப்ப நீங்க பையனான்னு யாரும் கேட்கல, உயிரோட இருக்கியான்னு அவளைத்தான் கேட்டாங்க" என்பாள்.

அவள் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஐந்து வீடுகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரை உண்டாக்கிய கட்மோஸ் ஊற்றடியில் ஆரெஸ் தெய்வத்தின் பாம்பைக் கொன்றான், அதன் பற்களைப் பிடுங்கி உழுத நிலத்தில் விதைத்தான், மண்ணிலிருந்து ஈட்டியும் கையுமாக ஆட்கள் முளைத்தார்கள், முளைத்த வேகத்திலேயே ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்தார்கள், கடைசியில் எகியோன் முதலாக ஐந்து பேர் மிஞ்சினார்கள். எங்கள் ஊரில் பேச்சு வந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த கதை. அந்த ஐந்து பேரின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று ஐந்து வீட்டார் மார்தட்டுகிறார்கள். தட்டிக்கொண்டு போகட்டும், யாருக்கு நஷ்டம். ஆனால் அதோடு விட்டார்களா? அசல் வித்தாக இருந்தால் இடது தோளில் ஈட்டி போல ஒரு மச்சத்தோடுதான் பிறக்கும் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எந்தக் குழந்தையும் ஈட்டியோடு பிறக்கவில்லை. பிறந்த நாலாம் நாள், குளிப்பாட்டும் சாக்கில் மருத்துவச்சியைக் குழந்தையோடு தனியே விடுவார்கள். வெண்கல ஊசி, அத்திப் பால், விளக்குக் கரி, பச்சை குத்தியாயிற்று. அவ்வளவுதான் எகியோனின் மகிமை. மறுநாள், தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு அடுப்பைச் சுற்றி ஓடும் சடங்கில், ஆண்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஆகா, மண்ணிலே முளைச்ச ரத்தம்!" என்று கண்ணீர் விடுவார்கள். மாமியார் மருமகளுக்குச் சொல்லி, அவள் தன் மருமகளுக்குச் சொல்லி, இப்படிப் பெண்கள் வாய்க்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய ரகசியம் இது. ஆண்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் ஒருநாளும் சிரமப்பட்டதில்லை.

தமத்ரியாவும் குத்தினாள். தொழிலுக்கு வந்த புதிது, மறுக்கத் தெரியவில்லை. ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம் ஐந்து வீட்டுத் தோள்களிலும் அவள் கைதான். பிறகு எகியோன் வீட்டில் இரண்டாவது பையன் பிறந்தான். நாலாம் நாள் குத்தினாள். ஐந்தாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு தகப்பன் ஓடினார். அன்று மாலையே தோள் வீங்கிவிட்டது. ஏழாம் நாள் குழந்தை போய்விட்டது. பத்தாம் நாள்தான் பேர் வைப்பது வழக்கம், அதனால் அவனுக்குப் பேரும் இல்லை. தகப்பன் இஸ்மேனிகோஸ், "ஆரெஸ் தெய்வம் தன் வித்தைத் தானே எடுத்துக்கொண்டது" என்று ஊரெல்லாம் சொன்னார். தமத்ரியா அன்றைக்கு ஊசியை இஸ்மேனோஸ் ஆற்றில் எறிந்தாள். அதற்குப் பிறகு பிரசவம் பார்ப்பாள், குத்துவதற்கு மட்டும் வீட்டுப் பெண்கள் ஒரு திரேஸ் நாட்டு அடிமைப் பெண்ணைக் கூட்டி வருவார்கள். அப்போதே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஊருக்கே நீளமாக இருந்த வாய் அந்த ஒரு விஷயத்தில் இருபது வருடம் மூடிக் கிடந்தது. அதற்கு நானும் அவளை மன்னிக்கவில்லை, அவளும் தன்னை மன்னிக்கவில்லை.

நான் சொல்லப்போகும் நாளுக்குப் பிறகு ஐந்து வீட்டுக் கதவும் அவளுக்கு அடைபட்டன. தோல் தெரு, குயவர் தெருப் பெண்களுக்குப் பிள்ளை பார்த்தே மீதிக் காலத்தை ஓட்டினாள். அதில் வருந்த ஒன்றுமில்லை, அதனால் அதை இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன்.

அதே இஸ்மேனிகோஸின் மூத்த மகன் கபிசியாஸுக்குத் தனாக்ரா ஊரிலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். பேர் பிலோதெரா. எட்டாம் மாதமே வலி கண்டு, தமத்ரியாவின் கையில் ஒரு கைப்பிடி அளவுப் பையனைப் பெற்றாள். ரகசியத்தைக் காத்து வந்த மாமியார் முந்தின குளிர்காலத்தில் செத்துப்போயிருந்தாள். அசலூர்ப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரேஸ்காரியை யாரும் கூப்பிடவில்லை. நாலாம் நாள் பொறுக்க மாட்டாமல் இஸ்மேனிகோஸ் மகனையும் இழுத்துக்கொண்டு தாமே உள்ளே வந்து துணியைப் பிரித்தார். இடது தோளைப் பார்த்தார். வலது தோளைப் பார்த்தார். சந்தையில் ஆட்டுக்குட்டியைப் புரட்டுவது போலக் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைப் பார்த்தார்.

"இது எங்க வித்து இல்ல" என்றார்.

பிலோதெராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து உட்கார முயன்று விழுந்தாள். "மாமா, சத்தியமா..."

"என்னை மாமான்னு கூப்பிடாதே. கபிசியாஸ், நாளைக்கு அடுப்பு சுத்துறது கிடையாது. உறவுக்காரங்க வரட்டும், அவங்க முன்னாலயே இவளைத் தனாக்ராவுக்கு அனுப்பிடலாம். இதை அதிகாரிங்ககிட்ட ஒப்படைச்சுடு."

எங்கள் ஊரில் பிள்ளையை மலையில் போடச் சட்டம் இடம் தராது. அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டால் அவர்கள் யாருக்காவது அடிமையாக வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். அதைக்கூட ஏதோ கருணை போலப் பேசிக்கொள்கிறோம், வெட்கம் கெட்டவர்கள். கபிசியாஸ் வாயைத் திறப்பான் என்று தமத்ரியா பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மல்யுத்தக் களத்தில் காளை மாதிரி முட்டுகிறவன், பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை முட்டவில்லை. தமத்ரியாவுக்குக் கிழவர் மேல் வந்ததைவிட இவன் மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

இஸ்மேனிகோஸின் தங்கை அரிஸ்தோ அவள் கையைப் பிடித்துத் தறி அறைக்கு இழுத்துப் போனாள். "அண்ணி போனதிலேர்ந்து இந்த நினைப்பே எனக்கு இல்லடி. இப்பவே குத்திடு. அஞ்சாம் நாள்தான் மச்சம் தெளிஞ்சுதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"பாலை உறிஞ்சவே தெம்பில்லாத பிள்ளை அது. அதைப் போய்க் குத்தச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசு இருக்கா?"

"அப்ப அந்தத் திரேஸ்காரிக்கு ஆள் அனுப்பறேன்."

"அவ இந்த வாசப்படியை மிதிக்கட்டும், அந்த ஊசியை அவ மூக்குலயே குத்தி அனுப்பறேன்."

"பெரிய நியாயஸ்தி! நீ குத்தாத தோளா இந்த வீட்டுல?" என்றாள் அரிஸ்தோ.

தமத்ரியா பிரசவ அறைக்குத் திரும்பினாள். பிலோதெரா குழந்தையைச் சுவர்ப் பக்கம் மறைத்துக்கொண்டு படுத்திருந்தாள். "அக்கா, நான் அவரைத் தவிர வேற யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்ல. நாளைக்கு என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?"

"போக மாட்டாங்க கண்ணு. உன் பிள்ளை நாளைக்கு அடுப்பைச் சுத்துவான். நான் இருக்கேன்." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அதற்காகத் தன் வாயிலிருந்து எது வெளியே வந்தாக வேண்டும் என்பது உறைத்தது.

மறுநாள் காலையில் உறவுக்கார ஆண்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். விஷயம் தெரியாமல் வழக்கப்படி கணவாய் மீனும், கோபாய்ஸ் ஏரி விலாங்கும் சுமந்து வந்திருந்தார்கள். தெரிந்ததும் மீனைக் கீழே வைக்கவா, திருப்பி எடுத்துப் போகவா என்று முழித்தார்கள். பிலோதெரா குழந்தையோடு சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்கு வந்து நின்றாள். தமத்ரியா நடுவில் போய் நின்றாள்.

"ஐயாமாரே, பிள்ளைக்கு ஈட்டி இல்லங்கிறது நிசம். உங்களுக்கெல்லாம் இருக்குல்ல? கொஞ்சம் காட்டுங்க, கண் குளிரப் பார்த்துக்கறேன்."

அதைக் கேட்டால் அவர்களுக்குப் போதாதா? கேட்காமலே காட்டுகிறவர்கள். வரிசையாக இடது தோளைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

"இஸ்மேனிகோஸ் ஐயா, உங்க ஈட்டிக்கு அடியில ஒரு வளையம் இருக்கு. உங்க தம்பிக்கும் வளையம். தலை நரைச்ச எல்லாருக்கும் வளையம். கபிசியாஸ் தம்பி, உங்களுக்கு வளையத்தைக் காணோம், முனை ஒரு பக்கமா சாயுது. உங்க வயசுக்காரங்க அத்தனை பேருக்கும் அதே பக்கம் சாயுது. அதோ, தாடி முளைக்காத அந்த ரெண்டு பேரைப் பாருங்க. ஈட்டியைச் சுத்தி அலை அலையாக் கோடு. ஒரே எகியோன், ஒரே ரத்தம். அவரு எத்தனை ஈட்டிதான் வச்சிருந்தாரு?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமலாக்கினான். ஆண்கள் ஒருவர் தோளை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் முன்னால் வெற்றுடம்பில் எண்ணெய் தேய்த்து நின்றவர்கள், அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்கள்.

"வளையம் போட்டது எனக்கு முன்னால இருந்த மினாசோ. அவ கண்ணு மங்கின வருஷத்தோட வளையமும் நின்னுபோச்சு. சாய்ச்சது நான். இடக்கைக்காரி, எவ்வளவு பார்த்துக் குத்தினாலும் சாய்ஞ்சுடும். அலைக்கோடு திரேஸ்காரி கை. அவங்க ஊர்ப் பொண்ணுங்க கையில அப்படித்தான் குத்திக்குவாங்க. மண்ணுல முளைச்சவங்களாம்! விளக்குக் கரியில முளைச்சீங்க எல்லாரும். இதை வச்சுக்கிட்டு இப்பத்தான் பெத்தவளைத் தட்டுவாணிங்கறீங்களே, நாக்கு கூசல?"

இஸ்மேனிகோஸ் தம் தோளை இழுத்து மூடிக்கொண்டார். அவர் மருமகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தீர்களா? தமத்ரியாவும் அப்படித்தான் நினைத்தாள்.

"சரி. இப்பவே குத்து" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"ஊர் பார்க்கிறது தோளைத்தான். குத்திடு. பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளைன்னு ஆகட்டும். இங்க பேசினது இந்த அடுப்படியை விட்டு வெளிய போகக் கூடாது."

உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவன் மீனைத் தரையில் வைத்தே விட்டான். நேற்று வரைக்கும் அந்நியன் வித்து, இன்று ஊசி பட்டால் எகியோன் வித்து. பொய் என்று தெரிந்த பிறகும் அந்தப் பொய்க்கு ஒரு பச்சைப் பிள்ளையின் தோல் வேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தமத்ரியா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குரல் மட்டும் இறங்கவில்லை. "குத்த மாட்டேன் ஐயா. யாரையும் குத்த விட மாட்டேன். உங்க ரெண்டாவது பிள்ளையை ஆரெஸ் எடுத்துக்கல. நான்தான் எடுத்தேன். நாலாம் நாள் குத்தினேன், தோள் வீங்கி, காய்ச்சல் வந்து, ஏழாம் நாள் போயிட்டான். உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும். சாகிற வரைக்கும் அவங்க என் முகத்தைப் பார்க்கல. என்னை இழுத்துட்டுப் போய் எந்த அதிகாரிகிட்ட வேணும்னாலும் நிறுத்துங்க. இந்தப் பிள்ளையைத் தொடாதீங்க."

கபிசியாஸ் அவள் மேல் பாய வந்தான். கிழவர் கையை நீட்டித் தடுத்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடிப் பார்த்தாள் தமத்ரியா. அடிப்பார் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"குத்தும்போது அவன் அழுதானா?" என்று கேட்டார்.

"அழுதான் ஐயா. கையை உதறினான். நான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

"நான் வெளியிலதான் நின்னேன். அழுகை கேட்டுது. குளிப்பாட்டறாங்கன்னு நினைச்சேன்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "என்னடா பார்த்துட்டு நிக்கிறே? உன் பிள்ளையை வாங்கு. போர்வையோட தூக்கு, குளிரும்."

பிலோதெரா உடனே கொடுக்கவில்லை. கபிசியாஸ் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்க நேர்ந்தது, அது அவனுக்கு வேண்டியதுதான். அப்புறம் கொடுத்தாள். அவன் அடுப்பைச் சுற்றி மூன்று முறை ஓடினான். வழக்கமான பாட்டை யாரும் எடுக்கவில்லை. கிழவர் தலை நிமிர்ந்து அந்த ஓட்டத்தைப் பார்க்கவும் இல்லை. பேர் வைக்காமல் புதைத்த பிள்ளைக்காக, இருபது வருடம் கழித்து, அடுப்பு மேடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.