மூவாயிரம் ரூபாய்ச் சம்பளம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்தபோது, நான் டாக்டராகப் போவதாகத் தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு அது என்ன படிப்பென்றே புரியவில்லை. அப்பா மட்டும் உடனே விளங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி மிஷின்களுக்கு மெக்கானிக், அவ்வளவுதானே? அவர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டியவர். மிஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை முதலாளியே கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தவர். அந்த மரியாதை மகளுக்குக் கிடைக்கும் என்றால் அவருக்குக் கசக்குமா என்ன?

ஆனால் பணம் வேண்டுமே. தனியார் கல்லூரி, வெளியூர் விடுதி. சொந்தமாக ஒரு பழைய நிட்டிங் மிஷின் வாங்க வேண்டும் என்று அப்பா பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது முதல் வருடத்துக்கே போதாது. மிச்சத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கி மிஷின் போட்டால் அது மறுவாரமே ஓடிச் சம்பாதிக்கும். மகள் நான்கு வருடம் கழித்துத்தான் சம்பாதிப்பாள். இவளைத் தையலுக்கு அனுப்பினால் இப்போதே காசு வருமே என்று சொந்தக்காரர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அம்மா ஆழம் தெரியாமல் காலை விடுகிறவள் இல்லை. யார் யாரையோ விசாரித்து, இதே படிப்பைப் படித்துக் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்தாள். மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அவர் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றபடி பொறுமையாகப் பதில் சொன்னார். சம்பளம் எவ்வளவு வரும் என்று அம்மா கேட்டாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூவாயிரம் வரும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே அம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தாள். அப்பாவுக்குச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எழுநூறு ரூபாய். மகளுக்கு எடுத்த எடுப்பிலேயே மூவாயிரம். பாதி வழியில் சோமனூர் வருவதற்குள் கடனை வட்டியோடு அடைத்துவிட்டு, எனக்கு நகை எடுக்கத் தொடங்கியிருந்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊரில் சம்பளம் என்றால் வாரச் சம்பளம். சனிக்கிழமை வாங்கி, மளிகைக் கடை பாக்கியைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது. வாரத்துக்கா மாதத்துக்கா என்று கேட்க வேண்டும் என்பதே எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பத்திரம் பைனான்ஸ்காரர் கைக்குப் போனது.

இரண்டாம் வருடம் படிக்கும்போது, வேலை கிடைத்த சீனியர் அக்கா ஒருத்தி விடுதியில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாள். மாதம் மூவாயிரமாம். ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். மூவாயிரத்தை நாலாக வகுத்தால் கிட்டத்தட்ட அப்பாவின் கூலிதான் வருகிறது. எட்டாவதோடு நின்ற அப்பா சம்பாதிப்பதைச் சம்பாதிக்கவா இத்தனை படிப்பும் இத்தனை கடனும்? வீடு கையை விட்டுப் போய்விடும் என்று பயந்துபோய், அந்த வாரமே ஊருக்குக் கிளம்பினேன்.

இருவரையும் உட்கார வைத்து, அந்த மூவாயிரம் மாதத்துக்குத்தான் என்று சொன்னேன். கட்டிய பணம் போனால் போகட்டும், மேற்கொண்டு கடன் ஏற வேண்டாம், நான் பனியன் கம்பெனிக்குத் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிறேன் என்றேன். அம்மா மறுபடியும் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

“கடன் எம்பேர்ல இருக்குது கண்ணு. படிப்பு உம்பேர்ல இருக்குது. ரெண்டையும் நீயே தூக்கோணும்னு ஆரு சொன்னாங்க?” என்றார் அப்பா.

மறுவாரத்திலிருந்து அவர் தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்க்க ஆரம்பித்தார். நான் திரும்பிப் போய்ப் படித்தேன்.

படிப்பு முடிந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. அதே மூவாயிரம்தான். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். முதல் சம்பளத்தை அப்பா கையில் வைத்தபோது கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்தார். வீட்டுச் செலவுக்கு என்று கொடுத்தால் மறுக்க மாட்டார். கடனுக்கு என்றால் மட்டும் ஒரு ரூபாய் தொட மாட்டார். அது அவர் பேரில் இருக்கிறதாம். எனக்கு ஆத்திரமாக வரும். நான் சண்டை பிடிக்கப் பிடிக்க அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஆத்திரம் இன்னும் கூடும்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் கிடையாது. மூன்று சனிக்கிழமை வெறும் கையோடு போயின. ஒருநாள் காலையில் நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது கூப்பிட்டார். கட்டிலில் படுத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“இந்த மாச வட்டிக்கு மட்டும் ஒரு ஐநூறு குடுக்கிறயா கண்ணு? கைமாத்துதான். வேலைக்குப் போனதும் குடுத்தர்றன்.”

பெற்ற மகளிடம் கைமாற்று. கொடுத்துவிட்டு, பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ஒருவழியாக என்னிடம் கேட்டாரே.

உடம்பு தேறி வேலைக்குப் போன இரண்டாவது சனிக்கிழமை, ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டிருந்தால் அவர் மறுபடியும் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்.