கரகரப்பு போன விசிறி

கடைத்தெருவில் அவரை ஃபேன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் பார்ப்பார். ஆனால் உள்ளே இருக்கும் விசிறி நின்றுபோனால் அவருக்குத் தனி வெறி. மற்றவர்கள் தூக்கிப்போடச் சொல்வதை மடியில் வைத்துச் சீராட்டுவார். மூச்சுத் திணறுகிறது என்று ஆளைப் புதைத்துவிடுவீர்களா என்று கேட்பார். ஊர் வாயை அடைக்கிற அந்த வாய் ஒரே ஒரு வீட்டில்தான் அடைத்துப்போனது.

அந்த வீட்டு அக்கா ஆள் அனுப்பி வரச்சொல்லியிருந்தார். அவர் புருஷன் வீட்டிலேயே உட்கார்ந்து பலருக்கும் தட்டச்சு செய்து கொடுத்தவர். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவுக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் தினம் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத்தான் சமையலறைக்குள் போவாராம். இப்போது போட்ட சூட்டோடு அணைந்துவிடுகிறது என்றார். எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பழக்கம் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபேன்காரர் பெட்டியைத் திறந்தார். விசிறி அசையவில்லை. பையில் இருந்த வேறொரு விசிறியை மாட்டிப் பார்த்தார், சுற்றியது. ஆகவே போர்டில் கோளாறில்லை, செத்தது விசிறிதான். அதைக் கழற்றி நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தார். உள்ளே எண்ணெய் வறண்டு, தூசி பிசினாக அப்பியிருந்தது. துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மாட்டினார். பூனை நடப்பதுபோல் ஓடியது. மீசையைத் தடவிக்கொண்டார்.

அக்கா வாசற்படியில் வந்து நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஓடலையா தம்பி?"

"ஓடுது அக்கா. சத்தமே இல்ல பாருங்க."

"அந்தக் கரகரப்பு அடுப்பு வரைக்கும் கேக்கும். கேட்டா, உள்ள உக்காந்து வேலை பாக்கறாருன்னு இருக்கும்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இப்பதான் தம்பி நிஜமாவே போயிட்டாரு."

ஃபேன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எண்ணெயைத் துடைத்தால் பழைய சத்தம் வரும், ஆனால் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிடும், பிறகு யாராலும் எழுப்ப முடியாது என்றார். துடைக்கச் சொன்னார் அக்கா.

பிழைப்பில் முதல்முறையாக, நன்றாக ஓடிய விசிறியைக் கழற்றிக் கெடுத்தார். துணியைத் திரித்து உள்ளே விட்டு எண்ணெயை ஒற்றி எடுத்தார். மாட்டிப் போட்டார். கரகர என்று தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியது. அக்கா சமையலறைக்குப் போய்விட்டார்.

சூடு ஏறுகிறதா என்று பார்க்க, மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் ஃபேன்காரர் உட்கார்ந்தார். கைப்பிடி இரண்டிலும் முழங்கை பட்டு வழுவழுத்த குழி. அவர் முழங்கை அதில் பொருந்தவில்லை. எழுந்திருக்கச் சொல்லி யாரோ பின்னால் காத்து நிற்பதுபோல் பிடரி கூசியது.

"எவ்வளவு நேரம்தான் அதையே பாத்துட்டு இருப்பீங்க? ஆறுது, எழுந்து வாங்க," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

இதோ வருகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. அந்தக் குரல் தன்னைக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தமில்லாமல் எழுந்தார். நாற்காலியை முன்பு இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தார். சொல்லிக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தெருவில் இறங்கிய பிறகும் ஜன்னல் வழியாக அக்கா பேசுவது கேட்டது. ஒரு வாக்கியம் பேசுவார், பதிலுக்கு இடம் விட்டு நிறுத்துவார், பிறகு தொடர்வார்.