உதுமானின் மூன்றாம் நாள் இரத்தம்

2024 ஜூலை 8 — 212
2024 ஜூலை 9 — 268
2024 ஜூலை 10 — வரவில்லை

இவை சி.ஆர்.பி. அளவுகள். உடம்பில் அழற்சி ஏறினால் இரத்தத்தில் இதுவும் ஏறும். நல்ல உடம்பில் ஐந்தைத் தாண்டாது. சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவி, பர்மாவின் தாமுவேயில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார் உதுமான்.

அவர் மனைவி ரஹீமா சந்தையில் நூலும் பொத்தானும் விற்பவர். லைங் தாயா பகுதி ஆலைப் பெண்கள் ஞாயிறுதோறும் அவர் கடையை மொய்ப்பார்கள். பேரம் பேசுகிறவர்களைச் சிரித்தே அனுப்பிவிடுவார். சந்தையில் அவருக்குப் பர்மியப் பெயர், டோ கின் மியா. அடையாள அட்டையிலும் அதுவே. ரஹீமா என்பது வீட்டுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும். உதுமானும் அட்டையில் ஊ டின் மாவுங்.

ஆஸ்பத்திரியில் இரண்டு ஆன்டிபயாடிக்குகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கும். மூன்றாம் நாளும் எண் இறங்காவிட்டால் வேறொரு கடுமையான மருந்து. அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். உதுமானின் சிறுநீரகமோ சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாதி போயிருந்தது.

மதியம் டாக்டர் வந்தார்.

"இன்றைய முடிவு எங்கே?"

"இந்தப் பெயருக்கு லேபில் ஒன்றும் இல்லையாம், சயா," என்றாள் நர்ஸ். டாக்டரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

டாக்டர் உதுமானின் நெற்றியைத் தொட்டார். காய்ச்சல் இறங்கவில்லை. "டோ கின் மியா, இனிக் காத்திருப்பது ஆபத்து. ஒரு மணி நேரத்தில் மருந்தை மாற்றுகிறேன்."

காலையில் இரத்தம் எடுத்தார்களே என்று யோசித்தபோதுதான் ரஹீமாவுக்கு உறைத்தது. எடுக்க வந்த புதுப் பெண் பெயர் கேட்டாள். ஜுர மயக்கத்தில் கணவர் "உதுமான்" என்றார். பக்கத்திலேயே நின்று அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தும் ரஹீமாவுக்கு அது தப்பாகப் படவில்லை. வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற பெயர்.

கீழே ஓடினார். லேபில் ரெபேக்கா இருந்தாள். தமிழ்க் கிறிஸ்தவப் பெண்.

"ரெபேக்கா, உதுமான்னு ஒரு குழாய் வந்துச்சா?"

"அது மூலைல அநாதையாக் கெடக்கு. ஒரு உடம்புக்கு எத்தன பேரு, அக்கா?"

"ஒனக்கு ஒண்ணு போதும். எங்களுக்கு அட்டைக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு. அத அட்டைப் பேர்ல ஓட்டிப் பாரேன்."

"மாட்டேன். ஒங்க வாய்ச்சொல்ல நம்பி எழுதினா நாளைக்கு யாராச்சும் சாவாங்க. புதுசா எடுத்துட்டு வாங்க."

ரஹீமா மேலே ஓடினார். இந்த முறை நர்ஸ் கேட்குமுன் அட்டையை நீட்டினார். புது இரத்தத்தோடு குழாய் கீழே போனது, மின்சாரமும் போனது.

"ஜெனரேட்டர்?" ரஹீமா மறுபடி லேப் வாசலில் நின்றார்.

"அதப் போட ஆள் போயிருக்கான். என்னத் திட்டாம ஒக்காருங்கக்கா."

ரஹீமா உட்காரவில்லை. பாதிப் படியில் விளக்கு எரிந்தது. வார்டுக்குப் போனார். புது மருந்துப் பாட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது; அதன் குழாய் இன்னும் கையில் செருகப்படவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரஹீமா கணவரின் கையைப் போர்வைக்குள் இழுத்து மூடிக்கொண்டார்.

"லைட்டு வந்துருச்சு, சயா. இன்னும் கொஞ்சம்," என்றார் பர்மிய மொழியில்.

டாக்டர் கடிகாரத்தை மறுபடி பார்த்தார். போர்வையை விலக்கவில்லை.

ரெபேக்காவே தாளோடு மேலே வந்தாள். 171.

டாக்டர் இருமுறை படித்தார். "இறங்குகிறது. பழையதே ஓடட்டும்."

பாட்டிலை நர்ஸ் கழற்றி எடுத்துப்போன பிறகுதான் ரஹீமா நாற்காலியில் சாய்ந்தார்.

பத்து நாளில் உதுமான் வீடு திரும்பினார். சிறுநீரகம் தேறியதா என்பது மட்டும் தெரியவில்லை. மாதாமாதம் சோதனை, மாதாமாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம். நோய்க்கு முன் இருந்த நிலையிலேயே இருக்கிறது, இனி வரவேண்டியதில்லை என்ற கடைசிக் கடிதம் வந்தது 2025 பிப்ரவரி 17 அன்று.