கூரியர் கொண்டு வராத ஒரு வரி

போன புதன்கிழமை கண்டி டவுனில் ஒரு சலூனில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் வெள்ளைத் துணி, தலையில் பாதி வெட்டிய முடி. அந்த நேரம் பார்த்து மக்காவிலிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ்.

“சேர், சுகமா ஈக்கிறீங்களா? நாங்க சுகம், அல்ஹம்துலில்லாஹ். ஒரு சின்ன விஷயம். மலர்ட கேள்விக்கு ஒன்பது பேர் பதில் போட்டீக்கிறாங்க. ஃபோரத்துல எட்டுத்தான் ஈக்கி. மத்தது எங்க சேர்?”

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. ஆனாலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஒன்பதாவது எங்கே என்று எனக்கு நன்றாகவே தெரியும். வேண்டுமென்றே விட்டவன் நான்தான்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் மலையகத்து ஆட்கள் எழுதும் பழைய கேள்வி-பதில் ஃபோரம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது. அதைத் தொடங்கியவர் வெளிநாடு போய்விட்டார், இப்போது எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஆனாலும் தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் ஆட்கள் இன்னமும் வந்து கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் எங்கே போவது? மிளகுக் கொடி ஏன் மஞ்சளாகிறது? மகளுக்கு ஏ.எல்.லில் எந்தப் பாடம் நல்லது? கேள்விக்குப் பஞ்சமில்லை. பதில் சொல்லத்தான் ஆளில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

அந்த வேறு இடம், முதலாளி இல்லாத ஒரு சமூக வலைத்தளம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஆளாளுக்குத் தங்கள் தங்கள் சர்வரை நடத்துகிறார்கள், அந்த சர்வர்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். டோஹாவில் மெக்கானிக், சென்னையில் நர்ஸ், லண்டனில் கணக்காளர் என்று சகலமும்.

இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் ஓடுவதுதான் ‘கூரியர்’. ஒரு பொட், அதாவது தானாக ஓடும் புரோகிராம். ஃபோரத்தில் யாராவது ஒரு கேள்வி போட்டால், பத்து நிமிடத்தில் அது அந்த வலைத்தளத்தில் அப்படியே வந்து நிற்கும். அங்கே உள்ளவர்கள் சொல்லும் பதில்கள் கொஞ்ச நேரத்தில் ஃபோரத்துக்கு வந்துவிடும், கூரியர் என்ற பெயரிலேயே.

என் ஸ்கூட்டர் அம்பிட்டிய ஏற்றத்தில் பாதி வழியில் நின்றுவிடும் என்று முன்பு ஒரு தடவை இந்தப் பத்திரிகைப் பத்தியில் புலம்பியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதைச் சரிசெய்யும் வழி அந்த டோஹா மெக்கானிக் சொன்னது. கூரியர் கொண்டு வந்து கொடுத்தது.

ஃபோரத்தில் ஆட்கள் ‘கூரியருக்கு நன்றி’ என்று எழுதுவார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஏ.டி.எம். மெஷினுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

சரி, இந்த மெஷினைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம் என்று அதை நடத்துகிற ஆளைத் தேடினேன். கடுகண்ணாவையில் ஒரு போட்டோகொப்பிக் கடை. மெயின் ரோட்டில், லொறிகள் கியர் மாற்றி முனகும் இடத்தில். கவுண்டருக்குப் பின்னால் ஃபஸ்மினா. முப்பத்தைந்து வயது இருக்கும். பெயரை மாற்றியிருக்கிறேன். அது அவர் போட்ட நிபந்தனை.

“பொட்டைக் காட்டுங்களேன்” என்றேன், சர்க்கஸ் பார்க்க வந்தவன் மாதிரி.

மேசைக்குக் கீழே கிடந்த ஒரு பழைய லெப்டொப்பைக் காட்டினார். “இது ஃபோரத்துல ஈக்கிற கேள்விய எடுத்து அங்க போடும். அவ்வளவுதான் சேர்.”

“அப்ப பதிலை இங்கே கொண்டு வருவது?”

“அது நான்.”

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். அந்த ஃபோரத்தை யாரும் வாசிக்கலாம். ஆனால் எழுத வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் ‘நான் ரோபோ இல்லை’ என்று டிக் பண்ணி, சிறு சிறு படங்களில் பஸ் எது, பாலம் எது என்று தொட்டுக் காட்ட வேண்டும். மெஷினால் வாசிக்க முடியும், எழுத முடியாது. அதனால் அந்தப் பக்கம் வருகிற ஒவ்வொரு பதிலையும் ஃபஸ்மினா கையால் எடுத்து, பஸ்ஸையும் பாலத்தையும் தொட்டு, ஃபோரத்தில் போடுகிறார். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை. இடையில் கஸ்டமர் இல்லாத போதெல்லாம். மூன்று வருடமாக.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் அடித்துத் தரச் சொன்னார். அடித்துக் கொடுத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒரு மிளகுக் கொடி வைத்தியத்தை ஃபோரத்துக்கு ஏற்றினார். அவருக்கு மிளகுக் கொடி இல்லை. கேட்டவர் யாரென்றும் தெரியாது. எனக்கு அந்த இடத்திலேயே அவர் மேல் ஒரு பெரிய மரியாதை வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர், பெயர் வராத ஒரு வேலையை ஒரு வாரம் தாக்குப்பிடிப்போம்? நான் இந்தப் பத்திக்கு மேலே என் போட்டோ சின்னதாக வந்தால்கூட ஆசிரியரோடு சண்டைக்குப் போகிறவன்.

“நீங்கதான் செய்றீங்கன்னு சொன்னா என்ன? எல்லாரும் மெஷினுக்கு நன்றி சொல்றாங்களே.”

“சொன்னா வந்து கெஞ்சுவாங்க சேர். ‘இத எடுங்க, அத மாத்துங்க’ண்டு. மெஷின்ட யாரும் கெஞ்ச மாட்டாங்க.”

அதற்கு அடுத்த மாதம் அவரே போன் பண்ணினார். உம்மாவைக் கூட்டிக்கொண்டு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறாராம், இரண்டு வாரம். லெப்டொப் தானாக ஓடும், திரும்பி வரும் பதில்களை மட்டும் நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை.

“ஒரே ஒரு விஷயம் சேர். வந்தத வந்த மாதிரியே போடுங்க. கூட்டவும் வாணாம், கொறைக்கவும் வாணாம். ஊத்தப் பேச்சு மட்டும் விட்டுடுங்க.”

இதென்ன பெரிய விஷயம் என்று தலையாட்டினேன்.

எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? இரண்டாம் நாளே அரிப்பு தொடங்கிவிட்டது. டோஹா மெக்கானிக், ‘அந்தக் கார்புரேட்டரத் தூக்கிக் குப்பையில போடு’ என்று ஒருவருக்கு எழுதியிருந்தார். நான் அதை ‘கார்புரேட்டரை மாற்றுவது நல்லது’ என்று போட்டேன். என்ன குறைந்துவிட்டது? கேட்பவருக்கும் மரியாதை, சொல்பவருக்கும் மரியாதை. ஃபஸ்மினா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது வாரம், திங்கட்கிழமை, மலர் என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது.

“ஹேவாஹெட்ட பக்கம் எஸ்டேட்ல பிள்ளை மடுவத்துல கைக்குழந்தைகளப் பார்த்துக்கிற வேலை செய்றேன். வெளிநாட்டுல வயசானவங்களப் பார்த்துக்கிற வேலைன்னு ஒரு ஏஜென்சி கூப்பிடுது. வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட்ட குடுக்கணும். அதுக்கு முன்னாடி இங்க வேலைய விடணும். விட்டா திரும்பக் கிடைக்காது. இவங்க மூலமா போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?” ஏஜென்சியின் பெயரையும் போட்டிருந்தார்.

பதில்கள் நன்றாக வந்தன. வெளிநாடு போனால் வாழ்க்கை முன்னேறும் என்றார் ஒருவர். தைரியமாகப் போங்கள் தங்கச்சி என்றார் இன்னொருவர். குளிருக்கு என்ன உடுப்புக் கொண்டு போவது என்று ஒரு அக்கா விவரமாக எழுதியிருந்தார். எட்டையும் துடைத்து மினுக்கி ஃபோரத்தில் வைத்தேன்.

ஒன்பதாவது பதில் இது: ‘போகாத. நான் போய் வந்தவன்.’

போட்டோ இல்லாத அக்கவுண்ட். பெயர் ‘கல்லு’. காரணம் இல்லை, மரியாதை இல்லை. ஒரு பிள்ளை முன்னேறப் பார்க்கும்போது முகம் காட்டாத ஒருவன் இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்வதா? எரிச்சலாக வந்தது. ஊத்தைப் பேச்சு இல்லைதான். ஆனாலும் விட்டுவிட்டேன்.

மலர் ஃபோரத்தில் எழுதினார்: “எல்லாருமே நல்லாத்தான் சொல்றீங்க. வியாழக்கிழமை தொரைக்கு லெட்டர் குடுக்கப் போறேன்.” தோட்டத்துத் துரையிடம் ராஜினாமாக் கடிதம். எனக்கு என்னமோ நானே ஒரு குடும்பத்தைக் கரையேற்றிய மாதிரி இருந்தது.

அப்புறம்தான் புதன்கிழமை, சலூன், மக்கா.

அங்கே தொழுகைக்கும் தொழுகைக்கும் நடுவில், போனில் பதில்களை எண்ணிப் பார்த்திருக்கிறார் அந்தப் பெண். உங்களுக்கு உம்ராவிலும் இதே வேலையா என்று கேட்கலாம்தான். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

“அது ஒரு மாதிரி முரட்டுப் பதில், அதனால போடல்ல” என்று சொல்லி அனுப்பினேன். உடனே திரும்பி வந்தது.

“சேர், மலர் கேட்டது போனவங்கள்ட. போனவர் அவர் ஒராள்தானே.”

சலூன் கதிரையில் உட்கார்ந்தபடி மலரின் கேள்வியைத் திரும்ப வாசித்தேன். ஆமாம். ‘இவங்க மூலமா போனவங்க யாராச்சும்’ என்றுதான் அந்தப் பிள்ளை கேட்டிருந்தது. நான் மினுக்கி வைத்த எட்டுப் பேரில் ஒருவர்கூட அந்த ஏஜென்சி மூலம் போனதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது கல்லு மட்டும்தான். நாளைக்கு வியாழன்.

அங்கேயே போனில் ஃபோரத்தைத் திறந்தேன். அவசரத்தில் பாலத்தைத் தொடச் சொன்ன இடத்தில் மதிலைத் தொட்டேன். பிழை. திரும்ப ஒரு படம். திரும்பவும் பிழை. நான் ரோபோ இல்லை என்பதை நம்ப அது தயாராக இல்லை.

“சேர், தலைய ஆட்டாம இருங்க” என்றார் முடிவெட்டுகிற தம்பி. “இந்தப் பக்கம் ஏற்கனவே கொஞ்சம் கோணிப் போச்சு.”

நான்காவது தடவை உள்ளே விட்டது. அந்த ஒரு வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டேன்.

போட்டுவிட்டால்? மலருக்கு வேறு வழியில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. முகம் தெரியாது, நம்பர் தெரியாது. ஹேவாஹெட்ட பக்கம் சிக்னல் கிடைப்பதே சில இடத்தில்தான். காலையில் பார்க்காமல் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. சும்மா இருக்க முடியாமல் அந்த வலைத்தளத்தில் கல்லுவிடம் கேட்டேன், அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா என்று.

சொன்னார். “சொன்ன வேலை ஒன்னு, குடுத்த வேலை ஒன்னு. போன அன்னைக்கே பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க. அதத் திருப்பி வாங்கி ஊர் வந்து சேர பதினோரு மாசம். கூடச் சொன்னா யாரும் நம்புறதில்ல. அதான் சுருக்கமாப் போட்டேன்.”

அதையும் அப்படியே ஏற்றினேன். எனக்கு ஒரு சொல்கூட மாற்றத் தோன்றவில்லை.

வியாழன் பதினொரு மணி வரை ஒன்றும் இல்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்தது ஆறிப் போனது. என் மனைவி இரண்டு தடவை வந்து, “யாருக்கும் சுகமில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். பதினொன்றரைக்கு மலர் வந்தார்.

“இப்பதான் பார்த்தேன். லெட்டர் பையிலதான் இருக்கு. ஆபீஸ் வாசல்ல தொரை வர்ற வரைக்கும் நிக்கிறேன். அந்த அண்ணன்கிட்ட எப்பிடிப் பேசுறது?”

அன்றைக்கே பேசிவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை மலர் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை.

இனி என் பங்கு. அந்த வரி இரண்டு நாள் யாரால் நின்றது என்று மலருக்குச் சொல்ல வேண்டாமா? ஆனால் அதைச் சொன்னால், கூரியருக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது ஊருக்கே தெரிந்துவிடும். மூன்று வருடம் ஃபஸ்மினா மறைத்து வைத்த விஷயம். மக்காவுக்குக் கேட்டு அனுப்பினேன்.

“சொல்லுங்க சேர். அவ தெரிஞ்சிக்கத்தான் வேணும். மத்தத நான் வந்து பார்த்துக்கிறன், இன்ஷா அல்லாஹ்.”

என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எழுதினேன். கூரியரின் திரும்பும் வழியை ஒரு பெண் கையால் செய்கிறார், இந்த இரண்டு வாரமும் அவருக்குப் பதிலாக நான் இருந்தேன், எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மலருக்கு வந்த ஒரு பதிலை மறைத்தேன், அது என் பிழை. எழுதி முடித்ததும், பரவாயில்லை, நேர்மையாகத்தான் இருந்துவிட்டோம் என்று ஒரு சின்னத் திருப்தியும் வந்தது. என் புத்தி அப்படி.

சனிக்கிழமை மலர் பதில் போட்டிருந்தார்.

“பரவாயில்ல சேர். நல்லா வரட்டும்னுதான் நெனச்சிருப்பீங்க. லெட்டர அடுப்புல போட்டுட்டேன். ஒன்னே ஒன்னு கேக்கணும். இந்த ரெண்டு வாரமும் மத்தவங்களுக்கு வந்த பதில்லயும் இப்பிடி எதையாச்சும் விட்டீங்களா?”

சட்டென்று ‘இல்லை’ என்று டைப் பண்ணினேன். அனுப்புவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று வலைத்தளத்தையும் ஃபோரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விட்டது ஏதும் உண்டா என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆறு இருந்தன.