பத்தாவது வட்டு

வெள்ளை நைலான் வட்டு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலம். அடிப்பக்கம் லேசாகக் குவிந்திருக்கும். மேல்பக்க நடுவில் பொம்மையைச் செருக ஒரு பள்ளம். விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்தச் சில்லு எப்போது பெயர்ந்தது என்று எனக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு முடிந்த மறு ஞாயிறு, காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்த நேரம். தேதிகளைக் குறித்து வைப்பது என் வழக்கம். ஆனால் இதற்கு எந்தக் குறிப்பும் வேண்டியதில்லை. வட்டைத் தொட்டால் போதும், அன்றைய கோபம் அப்படியே ஏறி வந்துவிடும்.

நாமக்கல்லில் நாங்கள் ஆடிய ஆட்டத்துக்குச் சுண்டுபந்து என்று பெயர். கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை, அதன்மேல் பச்சைத் துணி, இரண்டு பக்கமும் சின்ன வலை. ஒவ்வோர் அணிக்கும் வட்டின்மேல் நிற்கும் பத்து பொம்மைகள், வலையைக் காக்கக் கம்பியில் ஒன்று. ஆள்காட்டி விரல் நகத்தால் வட்டைச் சுண்டினால் பொம்மை வழுக்கிப் போய்ப் பந்தை அடிக்கும். வெளியூர்களில் இதை மேசைக் கால்பந்து என்கிறார்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே, ஒரு உதிரிபாகக் கடையின் மாடியில் எங்கள் சங்கம் இருந்தது. மேசையே பாடி கட்டி மிஞ்சிய பிளைவுட்தான். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் சூழ்ந்த ஊர் என்பதால், வட்டு வழுக்குவதற்காகத் துணியின்மேல் மரவள்ளி மாவைத் தூவுவோம். ஆட்டம் முடிந்து படியிறங்குகிறவர்களின் முழங்கை வரை வெள்ளை அப்பியிருக்கும். உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று சங்கத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

அண்ணியைத் தவிர. அண்ணி வெண்ணந்தூர்க்காரர். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில், அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழகுவதைப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க, எறும்ப நசுக்கறாப்பல சுண்டறீங்க?" என்று சிரித்தார். அன்று சாயங்காலமே அண்ணனைத் தோற்கடித்தார். அந்த வருஷத் தீபாவளிக்குள் சங்கத்தில் அவரை ஜெயிக்க ஆள் இல்லை.

விரல் மட்டும் அல்ல, வட்டின்மேலும் அவருக்கு ஒரு பித்து இருந்தது. கடையில் கிடைத்த தட்டை வட்டு அவருக்குப் போதவில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு புஷ் என்னும் நைலான் வளையம் கடையும் லேத்துப் பட்டறைக்குப் போய், வெட்டி ஒதுக்கிய நைலான் துண்டுகளை வாங்கி, அடி எவ்வளவு குவிய வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கடைந்துகொண்டு வந்தார். பிறகு உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னை எதிரில் உட்கார வைத்து மூன்று வகை வட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது. கடையில் வாங்கிய தட்டை வட்டு, சங்கச் செயலாளர் ஆடும் இரும்பு வாஷர் பதித்த கனத்த வட்டு, தான் செய்த குவிந்த வட்டு. சாக்பீஸால் கோடு கிழித்து, ஒரே விரலால் ஒரே வேகத்தில் சுண்டினார். மாவு தூவிய துணியில் தட்டை வட்டு நேராகப் போய் நின்றது. கனத்த வட்டு பந்தைத் தாண்டி ஓடியது. குவிந்தது மட்டும் எதிராளியின் பொம்மையைச் சுற்றி வளைந்து போய்ப் பந்தைத் தொட்டது. பிறகு மாவைத் துடைத்துவிட்டு வெறும் துணியில் சுண்டினார். குவிந்த வட்டு நாலு விரற்கடை போய்த் தள்ளாடிக் கவிழ்ந்தது. "பாத்தீங்களா தம்பி? மாவு இருந்தா இவ ராணி. மாவு இல்லீன்னா சேத்துல உழுந்த எருமை" என்றார்.

கோயம்புத்தூரில் மாநிலப் போட்டி என்று செய்தி வந்தது. சங்கத்துக்கு ஒரே ஓர் இடம். அதற்கு யார் போவது என்று வரிசையாக ஆட்டம் வைத்தார்கள். அண்ணன் உட்பட அத்தனை பேரையும் அண்ணி ஜெயித்தார். கீழே உதிரிபாகக் கடைக்குச் சொந்தக்காரரான செயலாளர் தேநீர் டம்ளரை உருட்டிக்கொண்டே, "ஆள் ஜெயிக்கலீங்க. வட்டு ஜெயிக்குது" என்றார்.

"அப்ப வட்டையே கோயமுத்தூருக்கு பஸ் ஏத்தி உட்ருங்க. ஆள் எதுக்குங்க?" என்றார் அண்ணி.

மாடியே சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. வட்டை மாற்றி ஆடச் சொன்னார். அவருடைய கனத்த வட்டுகளை அண்ணி எடுத்துக்கொள்ள, அண்ணியின் வட்டுகளோடு செயலாளர் உட்கார்ந்தார். கனத்த வட்டை மெதுவாகத் தொட்டு அனுப்பும் வித்தையை நாலைந்து சுண்டலிலேயே அண்ணி பிடித்துக்கொண்டார். செயலாளர் தன் பங்குக்கு ராணியை மேசைக்கு வெளியே மூன்று முறை விழவைத்தார். அண்ணிதான் ஜெயித்தார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் செயலாளர் கையைத் தட்டி மாவை உதறிவிட்டு, "அதெல்லாஞ் செரிங்க. நாலு நாள் வெளியூர்ல, அத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல, பொம்பளப் புள்ளய எப்பிடிங்க அனுப்பறது? மாப்ள போகட்டும். வட்டு அவங்களுதே இருக்கட்டும்" என்று அண்ணனைக் காட்டித் தீர்ப்புச் சொன்னார். ஜெயித்தவர் அண்ணிதானே என்று நான் கேட்டேன். "தம்பி, நீங்க கோல் கணக்கு எழுதற வேலையப் பாருங்க" என்றார்.

அண்ணி செயலாளரைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவளே போகட்டுங்க" என்று மூன்று சொல்கூட இல்லை. அவன் தரையைப் பார்த்தான். உலகத்து அநியாயங்களைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். அநியாயம் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, தரையைப் பார்த்த என் அண்ணனின் பிடரிதான்.

புறப்படும் காலையில் அண்ணி அவனிடம் இரண்டு டப்பாக்களைக் கொடுத்தார். "ஏனுங்க, போன்ல அத்தன ஆட்டம் பாத்துட்டேன். ஒருத்தன் கை கூட வெள்ளையா இல்லீங்க. அங்க மாவு போட மாட்டாங்க. தட்டை வட்டும் வெச்சிருக்கறேன். அதுல ஆடுங்க" என்றார். தன் இடத்தைப் பறித்துக்கொண்டு போகிறவன் ஜெயிக்க வேண்டும் என்று யோசித்த மனசு அது. அண்ணன் பையைத் திறந்தான். தட்டை வட்டு டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிலோ மரவள்ளி மாவுப் பொட்டலத்தைத் திணித்தான். "மாவு அங்க இல்லீன்னா நாம கொண்டுபோறோம். இதுக்குப் போயி..." என்றான்.

போட்டி மேசையில் ஒரு சிட்டிகை தூவவும் விடவில்லை. துணி கெட்டுப்போகும் என்று பொட்டலத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்று, ஞாயிறு காலை வந்து சேர்ந்தவன், செருப்பைக் கழற்றுவதற்கு முன் டப்பாவை வாசலில் விசிறி எறிந்தான். "உன்ற வட்டு காலை வாரி உட்ருச்சு!" வட்டுகள் சிமெண்டுத் தரையில் தெறித்து ஓடின. அண்ணி கரண்டியை வைத்துவிட்டு வந்து, சில்லு பெயர்ந்த இந்த ஒன்றை மட்டும் பொறுக்கினார். மற்ற ஒன்பதையும் அண்ணனே கூட்டி அள்ளிச் சங்கத்தில் போட்டுவிட்டான். அதன்பிறகு அவர் அந்த மாடிப்படி ஏறவில்லை. சில வருஷங்கள் கழித்து, "எங்க ஊட்டுல அது பத்திரமா இருக்காதுங்க, நீங்கதான் எல்லாத்தையும் குறிச்சு வெக்கற ஆளு" என்று வட்டை என்னிடம் கொடுத்தார்.

இந்த வருஷம் சங்கம் புதுக் கட்டடத்துக்குப் போனது. நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெல்வெட்டின்மேல் அந்த ஒன்பது வட்டுகள். 'மாநிலப் போட்டியில் நம் முதல் வீரர் ஆடிய வட்டுகள்' என்று ஒரு சீட்டு, கீழே என் அண்ணன் பெயர். திறப்பு விழா மலருக்குச் சங்க வரலாறு எழுதும் வேலை எனக்கு. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். செயலாளர் கூப்பிட்டார். "பிரமாதமா எழுதியிருக்கீங்க தம்பி. அந்தக் கோயமுத்தூர் பத்திய மட்டும் எடுத்துப்போட்டோம். நல்ல காரியத்துல எதுக்குங்க?" வரலாறு முழுவதையும் திருப்பித் தரச் சொன்னேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார். அடியில் என் பெயரோடு வெளிவந்த அந்த மலரை நான் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

திறப்பு விழாவுக்கு அண்ணி வந்தார். வரும் வழியில் என்னிடம் இந்த வட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி முடித்ததும் பெட்டியருகே போய் நின்றார். "ஒண்ணு கொறையுதுங்க. எங்கிட்ட இருக்குது. தொறந்தீங்கன்னா வெச்சுப்போடலாம்" என்றார். செயலாளருக்கு ஒரே பூரிப்பு. தானே சாவியைத் தேடியெடுத்துத் திறந்தார். அண்ணி பத்தாவதை உள்ளே வைக்கவில்லை. ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பைக்குள் போட்டார்.

"ஏனுங்கம்மா, அது சங்கத்துச் சொத்துங்க!"

"அந்தச் சீட்டு உங்களுது. பத்திரமா வெச்சுக்கோங்க."

அண்ணன் பொன்னாடையோடு நின்றிருந்தான். இந்த முறையும் தரையைத்தான் பார்த்தான். புதுத் தரை, நன்றாகப் பளபளத்தது.

இப்போது என் வீட்டு மேசையில் மாவு இல்லாத வெறும் பச்சைத் துணி விரித்திருக்கிறது. எதிரில் அண்ணி உட்கார்ந்து ஒன்பது வட்டுகளின் அடியையும் உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு போட்டி அறிவித்திருக்கிறார்கள். தன் பெயரைத் தானே கொடுத்துவிட்டார். சில்லு பெயர்ந்த பத்தாவதையும் தேய்த்துத் தரட்டுமா என்று கையில் எடுத்தேன்.

"அதத் தொடாதீங்க" என்றார். "அது அப்பிடியே இருக்கோணும்."